தமிழ் மூலையின் கண்ணாடி

எங்கள் பிரதேச செயலகத்தில் ‘தமிழ் மூலை’ என்று ஒன்று இருந்தது. அதை உண்டாக்கிய பெருமை முழுக்க என்னுடையது. இரண்டு வருடம் அந்தப் பெருமையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தேன். யாராவது கேட்டாலும் சொல்வேன், கேட்காவிட்டாலும் சொல்வேன்.

மாத்தளை மாவட்டத்து அலுவலகம் ஒன்றில் நான் அபிவிருத்தி உத்தியோகத்தர். அப்பா வடக்கிலிருந்து உத்தியோக மாற்றத்தில் இங்கே வந்தவர். நான் பிறந்தது, படித்தது, கல்யாணம் கட்டியது எல்லாம் மாத்தளையில்தான். ஐம்பது பேருக்கு மேல் வேலை செய்யும் எங்கள் கட்டடத்தில் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி நான். மற்றவர் களஞ்சியப் பொறுப்பாளர். டவுனில் தலைமுறை தலைமுறையாக இருக்கிற முஸ்லிம் குடும்பத்துக்காரர். எல்லோருக்கும் அவர் ‘நானா’, முஸ்லிம் வழக்கில் அண்ணன். அவர் சாவிக்கொத்தோடு உள்ளே அடைந்து கிடப்பார். ஆகையால் இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பஸ் ஏறி வருகிற சனம் முழுக்க என் தலையில்தான் விடியும். ஒரு கவுண்டருக்கு மொழிபெயர்த்து முடிப்பதற்குள் அடுத்த கவுண்டரில் இருந்து கூப்பிடுவார்கள். முழங்கால் இரண்டும் போய்விட்டது.

அப்படித்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. கூடத்தின் இடது பக்கம், மாடிப்படிக்குக் கீழே, ஒரு மேசை, உட்கார இரண்டு நீள வாங்கு, முன்னால் ஒரு கண்ணாடித் தடுப்பு. தமிழ் பேசுகிறவர்கள் எல்லோரும் அங்கே வந்தால் போதும், நான் ஓட வேண்டியதில்லை, அவர்களும் அலைய வேண்டியதில்லை. கண்ணாடி வாங்க அரசாங்கத்திடம் காத்திருந்தால் நான் பென்ஷன் போய்விடுவேன். எங்கள் வீட்டு முன்னறையை இடித்துக் கட்டியபோது கழற்றி வைத்த மரச்சட்டம் போட்ட பெரிய கண்ணாடி ஒன்று கராஜில் கிடந்தது. என் கணவர் முணுமுணுத்துக்கொண்டே அதை வேனில் ஏற்றி வந்து இறக்கினார். போர்டு எழுதுகிறவர் ஒருவரைப் பிடித்து, அதில் சிவப்பு எழுத்தில் ‘தமிழ்’ என்று எழுதி, சுற்றிவரப் பூக்கொடியும் போட்டோம். பார்க்க அவ்வளவு இலட்சணம். மாவட்டச் செயலகத்தில் கூப்பிட்டு எனக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழ் தந்தார்கள். அதைச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டினேன், சாமிப் படத்துக்குக் கொஞ்சம் கீழே.

வாசல் செக்யூரிட்டி தங்கமான மனிதர். அவருக்கு வேலை சுலபமாகிவிட்டது. நெற்றியில் பொட்டைக் கண்டாலோ தலையில் தொப்பியைக் கண்டாலோ கேள்வி கிடையாது, கை தானாக இடது பக்கம் நீளும். அவர் லீவில் இருந்த ஒரு நாள், பதிலுக்கு வந்த புதுப் பையன் நானாவையே அந்த வாங்கில் உட்கார வைத்துவிட்டான். ஜும்ஆ தொழுகை முடிந்து தொப்பியோடு உள்ளே வந்தவரிடம், “வெயிட் பண்ணுங்க, மிஸ் வருவாங்க” என்று சொன்னானாம். அலுவலகமே ஒரு வாரம் சிரித்தது. நானாவும் சிரித்தார். ஆனால் நாங்கள் சிரித்த அளவுக்கு அவர் சிரிக்கவில்லை என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

வலது பக்கத்தில் ஆறு கவுண்டர்கள். இலக்கத் துண்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் மணிக்கணக்காகாமல் வேலை முடியும். இடது பக்கத்தில் ஆறு கவுண்டருக்கும் சேர்த்து நான் ஒருத்தி. வில்கமுவவில் நடமாடும் சேவை என்று என்னை அனுப்பினால் மூலைக்கும் அன்றைக்கு லீவு. தம்புள்ளையில் பயிற்சி என்றாலும் அப்படித்தான். போகும்போது கண்ணாடியில் ‘நாளை வரவும்’ என்று ஒரு அட்டையைத் தொங்கவிட்டுப் போவேன். அந்த அட்டையிலும் பூ வரைந்திருந்தேன்.

ஒரு புதன்கிழமை, பொதுமக்கள் தினம். நான் மாடியில் கூட்டத்தில் இருந்தேன். பக்கத்துப் பிரதேச செயலகங்களிலும் தமிழ் மூலையைத் தொடங்குவது எப்படி என்று நான்தான் விளக்கிக்கொண்டிருந்தேன். கீழே டமார் என்று ஒரு சத்தம். கீழே ஓடி வந்து பார்த்தால் என் கண்ணாடி தரை முழுக்கச் சிதறிக் கிடக்கிறது. மரச்சட்டம் மட்டும் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. அதற்குப் பின்னால் இருந்த வாங்கில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், மடியில் பிளாஸ்டிக் ஃபைலை வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

நடந்ததைச் செக்யூரிட்டிதான் மூச்சு வாங்கச் சொன்னார். அந்தப் பெண் இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றைச் சேர்ந்தவர், கார்மென்ட் தொழிற்சாலையில் பதினைந்து வருடம் வேலை. மகள் தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்கிறாள். அதற்குக் கிராம சேவகர் தந்த வதிவிடச் சான்றிதழில் எங்கள் அலுவலகத்தின் மேலொப்பம் வேண்டும். இரண்டு நிமிட வேலை. விண்ணப்பம் வெள்ளிக்கிழமைக்குள் கொழும்பு போய்ச் சேர வேண்டும். இதற்காக அவர் வருவது நான்காவது தடவை. முதல் தடவை நான் வில்கமுவவில், இரண்டாம் தடவை தம்புள்ளையில், மூன்றாம் தடவை பல்லுவலியில்.

நான்காவது தடவை அவர் நேரே வலது பக்கக் கவுண்டருக்குப் போய்ச் சிங்களத்தில் கேட்டிருக்கிறார். கவுண்டரில் இருந்த பிள்ளை புதியவள், சிங்கள வழக்கப்படி அக்காவை ‘அக்கே’ என்று அழைத்து மரியாதையாகத்தான் பேசினாள்.

“அக்கே, தமிழ் ஆட்களுக்கு அந்தப் பக்கம்.”

“நான் உங்களிடம் சிங்களத்தில்தானே பேசுகிறேன்?”

“அது சரி அக்கே. மிஸ் இப்போது வந்துவிடுவார்.”

மிஸ் வரவில்லை. மிஸ் மாடியில் தன் பெருமையை விளக்கிக்கொண்டிருந்தாள். ஒன்றரை மணி நேரம் அவர் வாங்கில் இருந்தார். தனக்குப் பிறகு வந்தவர்கள் ஒவ்வொருவராக வேலையை முடித்துக்கொண்டு போவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். பிறகு எழுந்து போய், காற்றுக்குக் கதவு அடிக்காமல் இருக்க வைத்திருந்த பழைய இரும்பு எடைக்கல்லை எடுத்து வந்து, ஒரே ஒரு அடி. அடித்துவிட்டு எடைக்கல்லைத் திரும்பக் கொண்டுபோய்க் கதவடியில் வைத்தாராம். கதவு ஆடுகிறதா என்றும் பார்த்தாராம்.

பொலிஸ் நிலையம் இரண்டு வளவு தள்ளித்தான். ஒரு சார்ஜன்டும் ஒரு பெண் கான்ஸ்டபிளும் வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. யாருக்காக இவ்வளவும் செய்தேன், இவர்களுக்காகத்தானே! அழுகையும் வந்தது. பூக்கொடி போட்ட துண்டு ஒன்றைப் பொறுக்கப் போய் விரலையும் வெட்டிக்கொண்டேன்.

பகல் சாப்பாட்டு மேசையில் அன்றைக்கு வேறு பேச்சே இல்லை. உடைத்தது சரியா, பிழையா? எல்லோரையும்விட உரத்துப் பேசியவள் நான்.

“வன்முறைன்னா வன்முறைதான், அதுல சின்னது பெருசு இல்ல” என்றேன்.

இதை நான் வாய்ப்பேச்சுக்குச் சொல்லவில்லை. எங்கள் குடும்பம் ஒரு தடவை மாத்தளையில் எரிந்த வீட்டை விட்டு ஓடியிருக்கிறது, இன்னொரு தடவை வடக்கில் அப்பாவின் ஊரில் நல்ல வீட்டைப் பூட்டிவிட்டு ஓடியிருக்கிறது. முதல் தடவை நெருப்போடு வந்தவர்களும் நியாயம் சொன்னார்கள். இரண்டாம் தடவை தோளில் துவக்கோடு வந்தவர்களும் நியாயம் சொன்னார்கள். அன்றையிலிருந்து, கையில் எதையாவது தூக்கிக்கொண்டு நியாயம் பேசுகிறவர்களைக் கண்டால் நான் ஒதுங்கிப் போய்விடுவேன். இன்றைக்கும் அப்படித்தான்.

நானா கோழித்துண்டைக் கடித்தபடி கேட்டார். “கண்ணாடிக்கு உசிர் இருக்கா மிஸ்?”

“இன்னைக்குக் கண்ணாடி. நாளைக்கு?”

“நாளைக்கு அவங்க மகளோட அப்ளிகேஷனுக்குத் தேதி முடிஞ்சிரும். அதுதான் நாளைக்கு.”

“அப்ப இங்க வர்ற எல்லாரும் கல்லைத் தூக்கினா சரின்னு சொல்றீங்களா நானா?”

“எல்லாரும் எங்க தூக்கினாங்க? ரெண்டு வருசத்துல ஒராள்தானே தூக்கியிருக்காங்க. மத்தவங்கெல்லாம் வாங்குல உக்காந்துட்டுத்தானே போனாங்க. நானும்தான் உக்காந்தேன்.” அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். “அன்னைக்கு என் கையில சாவிக்கொத்து மட்டும்தான் இருந்திச்சு.”

எங்கள் நிர்வாக உத்தியோகத்தருக்கு இந்தப் பேச்சுப் பிடிக்கவில்லை. ஓய்வு பெற ஒரு வருடம் இருக்கிற, சட்டவிதிகளை நேசிக்கிற சிங்களவர், மென்மையான மனிதர். அவர் சோற்றுப் பார்சலை மூடிவிட்டுச் சிங்களத்தில் கேட்டார்.

“இது என்ன, அந்தக் காலத்துத் தென்னாபிரிக்காவா? இன்ன ஆட்கள் இந்தப் பக்கம் என்று நாங்கள் போர்டா மாட்டி வைத்திருந்தோம்?”

நானா தண்ணீர் குடித்து முடித்துவிட்டுச் சிங்களத்திலேயே சொன்னார். “மாட்டித்தானே வைத்திருந்தோம், சேர். அது இப்போது குப்பைக்கூடையில் கிடக்கிறது.”

நான் பருப்பைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

இரண்டரை மணிக்குப் பொலிஸிலிருந்து தொலைபேசி வந்தது. அரச சொத்துக்குச் சேதம் என்று முறைப்பாட்டுக் கடிதம் ஒன்று தந்தால் பெண்ணை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம், உடைந்த பொருளின் பதிவிலக்கத்தையும் எழுதி அனுப்புங்கள் என்றார்கள். அரச சொத்து என்றால் பிணை இலேசில் கிடைக்காது, நேரே ரிமாண்ட்தான். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை என்ன, அடுத்த வெள்ளிக்கிழமைக்குக்கூட அவர் வெளியே வருவாரா என்பது நிச்சயமில்லை.

அரசாங்க அலுவலகத்தில் இலக்கம் இல்லாத பொருள் கிடையாது. கதிரை, அலுமாரி, சுவர் மணிக்கூடு, குப்பைக்கூடை எல்லாவற்றின் முதுகிலும் வெள்ளை பெயின்டில் ஒரு எண் இருக்கும். வருடம் ஒரு தடவை குழு ஒன்று வந்து குனிந்து குனிந்து அதைச் சரிபார்க்கும். நானா பதிவேட்டை எடுத்து வந்து விரலால் தடவித் தடவிப் பார்த்தார். பிறகு மரச்சட்டத்தின் பின்பக்கத்தையும் பார்த்தார். கண்ணாடித் தடுப்புக்கு இலக்கமே இல்லை. எப்படி இருக்கும்? அது எங்கள் வீட்டு முன்னறைக் கண்ணாடி.

நிர்வாக உத்தியோகத்தருக்கு வியர்த்துவிட்டது. “விடுபட்டிருக்கிறது போல. இப்போது ஒன்றைப் போட்டுவிடலாம்தானே” என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, இலக்கம் இல்லாத பொருள் அவரைத் தூங்கவிடாது. பிறகு என்னிடம் குரலைத் தாழ்த்தி, “உங்கள் சொந்தப் பொருள் என்றால் வேறு பிரச்சினை. ஆட்களைப் பிரித்து வைக்க யாரிடம் எழுத்தில் அனுமதி வாங்கினீர்கள் என்று கேட்பார்கள்” என்றார். எழுத்தில் நான் யாரிடமும் வாங்கவில்லை. அவரிடம் வாயால் கேட்டேன், அவர் தலையாட்டினார், அவ்வளவுதான்.

அடுத்த மாதம் எனக்குப் பதவி உயர்வு நேர்முகம் இருந்தது. அதற்குக் கொண்டுபோக இருந்த ஒரே சாதனை அந்த மூலைதான். நானா களஞ்சியத்திலிருந்து வெள்ளை பெயின்ட் டின்னையும் தூரிகையையும் கொண்டுவந்து மரச்சட்டத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

“பெயின்ட் இருக்கு. மிஸ் சொன்னா அடிக்கிறேன்.”

ஒரு பிளேன்டீ குடித்து முடிக்கிற நேரம் நான் சும்மா நின்றேன். அந்த நேரத்தை மறைத்துவிட்டு இந்தக் கதையைச் சொன்னால் நான் பெரிய மனுஷி ஆகிவிடுவேன், அதனால்தான் சொல்கிறேன். சும்மா நின்றேன், கணக்குப் போட்டேன், பேசாமல் இருந்தால் என்ன என்றுகூட நினைத்தேன். நானா டின்னின் மூடியைக் கழற்றிவிட்டு, தூரிகையைக் கையில் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வைக்கு முன்னால் நிற்க முடியாமல்தான் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

பொலிஸ் நிலையத்தில் அந்தப் பெண் சுவரோரம் வாங்கில் இருந்தார். மடியில் அதே ஃபைல். சார்ஜன்ட் என் வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதத் தொடங்கினார்.

“கண்ணாடி யாருடையது?”

“என்னுடையது.”

“அரசாங்க அலுவலகத்துக்குள் எதற்கு வைத்தீர்கள்?”

“தமிழ் ஆட்களை ஒரு பக்கமாக வைப்பதற்கு.”

பேனை நின்றது. அவர் நிமிர்ந்து என் பொட்டைப் பார்த்தார். “அப்படிப் பிரித்து வைக்கச் சொன்னது யார்?”

“யாரும் சொல்லவில்லை. நானாகத்தான் செய்தேன்.”

இரண்டு வருடமாக நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்த அதே விசயம்தான். பொலிஸ் புத்தகத்தில் ஏறும்போது எவ்வளவு அசிங்கமாக இருந்தது! எனக்கு முறைப்பாடு எதுவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சார்ஜன்ட் புத்தகத்தை மூடிவிட்டு, இரண்டு பேரும் போகலாம் என்று கையை அசைத்தார்.

வெளியே வந்தோம். மூன்றே முக்கால் மணி. நாலேகாலுக்கு அலுவலகம் மூடிவிடும். அந்தப் பெண் வேகமாக நடந்தார், நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். அவர் நன்றி சொல்வார் என்று ஒரு முப்பது அடி தூரம் பார்த்தேன். சொல்லவில்லை. எனக்குச் சுருக்கென்றது. சும்மா இருக்க வேண்டியதுதானே? என் வாய் இருக்காதே.

“கல்லைத் தூக்க முன்னுக்கு ஒரு வார்த்தை எழுதித் தந்திருக்கலாமே” என்றேன். “படிச்ச மாதிரித் தெரியுது. ஒரு கடிதம் எழுதியிருந்தா நாங்க பாக்காமலா விட்டிருப்போம்?”

அவர் நின்றார். திரும்பி என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். ஃபைலைத் திறந்து, மடித்த தாள் ஒன்றை எடுத்து என் கையில் தந்தார்.

“எழுதினேனே மிஸ். முதல் தடவை திரும்பிப் போன அன்னைக்கே சிங்களத்துல எழுதிப் போஸ்ட் பண்ணினேன். பதிலும் வந்திச்சு.”

அலுவலகத் தாள். தங்கள் கடிதம் கிடைத்தது. தமிழ் பேசும் மக்களின் வசதி கருதியே தனிப் பிரிவு அமைக்கப்பட்டுள்ளது. தொடர்ந்து அதனைப் பயன்படுத்தி ஒத்துழைக்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன். கீழே என் கையெழுத்து, எப்போதும் போடுகிற அந்தச் சுழியோடு. இந்த வாசகத்தை நான் கணினியில் தயாராக வைத்திருந்தேன். மூலையைப் பற்றி எந்தக் கடிதம் வந்தாலும் பெயரை மட்டும் மாற்றி அனுப்புவேன். அவருடைய கடிதத்தை முழுதாக வாசித்த ஞாபகம்கூட எனக்கு இல்லை.

“அதுல என்ன கேட்டிருந்தீங்க?” என்றேன்.

“பெரிசா ஒண்ணும் இல்ல மிஸ். மத்தவங்களோட அதே வரிசையில நிக்க விடுங்கன்னு மட்டும்தான் கேட்டேன்.”

வாசலில் செக்யூரிட்டி இடது பக்கம் கை நீட்டாமல் வழி விட்டார். சான்றிதழைத் தாருங்கள், நானே மாடிக்குக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கித் தருகிறேன் என்று கையை நீட்டினேன். அவர் தரவில்லை. வலது பக்கம் போய் இலக்கத் துண்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவருக்கு முன்னால் ஐந்து பேர். நான் மணிக்கூட்டைப் பார்ப்பதும் அவரைப் பார்ப்பதுமாகத் தூணோரம் நின்றேன். நாலு பத்துக்கு அவருடைய எண்ணைக் கூப்பிட்டார்கள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

சான்றிதழை ஃபைலில் வைத்துக்கொண்டு அவர் வெளியே வந்தபோது என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். ஆனால் வந்தது வேறு.

“மகள் கேட்டா இன்னைக்கு நடந்ததை என்னன்னு சொல்லுவீங்க?”

இரத்தோட்டை பஸ்ஸின் ஹோர்ன் சத்தம் கேட்டது. அவருடைய பார்வை பஸ்ஸில் இருந்தாலும் பதில் எனக்குத்தான்.

“கல்லெடுத்தது பிழைன்னுதான் சொல்லுவேன் மிஸ். ஆனா கடிதம் எழுதினா போதும்னு சொல்ல மாட்டேன்.”

சொல்லிவிட்டு அவர் பஸ்ஸுக்கு ஓடினார். அவருக்கு நான் அனுப்பிய பதில் கடிதம் என் கையிலேயே இருந்தது. அதைத் திருப்பிக் கேட்க அவர் நிற்கவில்லை.